தேதி போடாத பாரம்

ஆயிரம் வெள்ளிக்கு மூன்று வெள்ளி. பங்குச் சந்தையில் இல்லாத ஒரு சென்டிரியான் பெர்ஹாட்டின், அதாவது தனியார் கம்பெனியின், பங்கு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போது மலேசிய அரசாங்கத்துக்குக் கட்டவேண்டிய முத்திரை வரி அவ்வளவுதான். வீடு வாங்கி வரி கட்டியவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆனால் இந்த மூன்று வெள்ளியைத் தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, கடைசியில் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு வழக்கறிஞரைப் பிடித்து ஈப்போ உயர் நீதிமன்றத்தில் எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நடுவில் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு சாட்சியாக உட்கார்ந்திருந்தவன் நான்.

நான் கம்பெனி செக்ரட்டரி. அப்பா தோட்டத்தில் கிராணி; செக்ரோல் எழுதிய கை. நானும் பதிவேடு எழுதுகிற வேலைக்குத்தான் வந்து சேர்ந்தேன். ஈப்போவில் ஒரு கணக்காய்வாளர் அலுவலகத்தில் பழகி, லைசென்ஸ் எடுத்து, சிம்பாங் பூலாய் கடைவரிசையில் மாடியறை ஒன்றைப் பிடித்தேன். ஜன்னலைத் திறந்தால் சுண்ணாம்புக் குன்றும், கேமரன் மலைக்குத் திரும்பும் சாலையும், வெள்ளைத் தூசி படிந்த லாரிகளும் தெரியும். வாடிக்கையாளர்களும் அந்த லாரிகளைப் போலத்தான்: கல் உடைப்பு, மார்பிள் அறுப்பு, போக்குவரத்து, கோப்பெங் பக்கம் பழைய ரப்பர் நிலத்தில் செம்பனை. பெரும்பாலும் குடும்பக் கம்பெனிகள். அப்பா தலைவர், அம்மா இயக்குநர், பிள்ளைகள் பங்குதாரர்கள். ஆண்டுக்கூட்டம் சாப்பாட்டு மேசையில் நடக்கும். அதற்குக் கூட்டக்குறிப்பு எழுதுவது என் பொறுப்பு.

இந்தக் குடும்பங்களிடம் பங்கு மாற்றம் என்பது பேச்சில் நடக்கிற காரியம். "இனிமே இது சின்னவனுக்கு" என்று பெரியவர் தீபாவளியன்று சொல்லிவிடுவார். எல்லாரும் கேட்டிருப்பார்கள். அன்றோடு விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். சட்டத்தின் கணக்கு வேறு. முத்திரை வரி பேச்சுக்கு விழுவதில்லை, பத்திரத்துக்கு விழுகிறது. 1694ல் பிரான்சோடு போர் நடத்தப் பணம் தேவைப்பட்டு இங்கிலாந்து இந்த வரியைக் கொண்டுவந்தபோதே அப்படித்தான். நமக்கு 1949ல் முத்திரைச் சட்டம் வந்தபோதும் அதே அடிப்படைதான். பத்திரம் இல்லையென்றால் வரி இல்லை. இதைக் கேட்டதும் எல்லாருக்கும் முகம் மலரும். "அப்ப எழுதவே வேண்டாமே சார்!" என்பார்கள்.

அங்கேதான் இன்னொரு சட்டம் குறுக்கே நிற்கிறது. 1965 கம்பெனிச் சட்டப்படி, உரிய மாற்றுப் பத்திரம் கையில் வராமல் கம்பெனி பங்கு மாற்றத்தைப் பதியக்கூடாது. அந்தப் பத்திரம்தான் எங்கள் வட்டாரம் முழுக்கப் பிரசித்தமான 32ஏ பாரம். 2017 ஜனவரி 31ல் நடப்புக்கு வந்த புதிய கம்பெனிச் சட்டம் இன்னும் வெளிப்படையாகவே சொல்கிறது: கையொப்பமிட்டு, முத்திரை வரி கட்டிய பத்திரம் வேண்டும். வரி கட்டாத பாரத்தை வைத்துக்கொண்டு நான் பதிவேட்டில் பெயரை மாற்றினால் மாட்டிக்கொள்வது நான். பேச்சில் முடித்தால் வரி மிச்சம், ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறாது. பெயர் ஏறவேண்டுமென்றால் பத்திரம் வேண்டும். பத்திரம் வந்தால் வரி வரும்.

இந்தியாவிலும் இப்படி ஒரு குடும்பம் உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. மன்னாலால் கேத்தான் எதிர் கேதார்நாத் கேத்தான். சர்க்கரை ஆலை நடத்திய குடும்பம். முறையான பத்திரம் இல்லாமலே கம்பெனி பங்கு மாற்றத்தைப் பதிந்துவிட்டது. இந்தியச் சட்டத்திலும் 'பதியக்கூடாது' என்றே எழுதியிருந்தது. அது வெறும் அலுவலக நடைமுறையா, மீறினால் காரியமே செல்லாத கட்டளையா என்பது கேள்வி. கட்டளைதான் என்று 1976ல் தீர்ப்பாயிற்று. சட்டத்தின் சொற்கள் நம் பழைய சட்டத்தோடு ஒத்துப்போவதால் இங்கேயும் வழக்கறிஞர்கள் இந்தப் பெயரை எடுத்துப் பேசுவார்கள். ஈப்போ கோர்ட்டில் 'கேத்தான்' என்று முதல்முறை காதில் விழுந்தபோது ஏதோ சாப்பாட்டுக் கடையின் பெயர் என்று நினைத்தேன்.

இனி அந்த அண்ணன் தம்பி கதை. ஊரையும் தொழிலையும் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், எண்களையும் எளிதாக்கியிருக்கிறேன். கம்பெனியில் மொத்தம் 1,00,000 பங்கு, முகமதிப்பு ஒரு வெள்ளி. அப்பா பேரில் 40,000. அண்ணன் 30,000, தம்பி 30,000. கம்பெனியின் சொத்து இரண்டு லாரிப் பட்டறை நிலம், மற்றதெல்லாம் கடனும் இரும்பும். அப்பா உடம்பு தளர்ந்த ஒரு வருஷத்தில் 25,000 பங்கைத் தம்பிக்கு எழுதிவைக்க நினைத்தார். லாரியை ஓட்டியதும் கணக்கைப் பார்த்ததும் தம்பிதான் என்பது அவர் நியாயம். ஒரு 32ஏ பாரத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார், தம்பி போட்டார், ஓய்வு பெற்ற ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். தேதி மட்டும் போடவில்லை. தேதி போட்டால் அன்றிலிருந்து 30 நாளில் முத்திரை வரி கட்டியாக வேண்டும். அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை, சொல்லிவிட்டுக் கட்டிக்கொள்ளலாம் என்று தம்பி பாரத்தைத் தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். பங்குச் சான்றிதழ் அப்பாவின் அலமாரியிலேயே இருந்தது.

எனக்கு இது எதுவும் தெரியாது. தேதி போடாத பாரங்கள் இந்த நாட்டில் எத்தனை இழுப்பறைகளில் கிடக்கின்றன என்று எண்ணினால் பல குடும்பங்களுக்குத் தூக்கம் போய்விடும். கடன் கொடுத்தவர் பிணையாக வாங்கி வைத்திருப்பார். பெயருக்குப் பங்கு வைத்திருப்பவரிடம் உண்மையான முதலாளி வாங்கி வைத்திருப்பார். கல்யாணத்துக்கு முன்னால் மகளிடம் வாங்கி வைத்த அப்பாக்களும் உண்டு.

சில வருஷம் கழித்து அப்பா காலமானார். அதற்குள் சுண்ணாம்பு மலையடிவார நிலங்களின் விலை ஏறி, கணக்கில் நிலத்தை மறுமதிப்பீடும் செய்தாகிவிட்டது. கருமாதி முடிந்த பிறகு தம்பி பாரத்தோடு மாடியேறி வந்தார்.

"அண்ணே, இதுல இன்னிக்குத் தேதி போட்டு ஸ்டாம்ப் பண்ணிடுவோம். எவ்ளோ ஆனாலும் கட்டிடறேன்."

"தம்பி, அப்பா போனது மாசியில. இன்னிக்குத் தேதி போட்டா அவர் எப்படிக் கையெழுத்துப் போட்டிருப்பார்?"

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த நிமிஷம் வரை தேதி என்பது அவருக்கு வரிக்கான கெடு மட்டுமே.

இதில் கவனிக்கவேண்டியது பணம் எவ்வளவு சின்னது என்பதுதான். பட்டியலில் இல்லாத கம்பெனியின் பங்குக்கு முத்திரை வரி போட உள்நாட்டு வருமான வரி வாரியம் வைத்திருந்த வழிகாட்டி பல அளவுகோல்களைப் பார்க்கும்: முகமதிப்பு, விற்ற விலை, லாபத்தை வைத்துப் போடும் மதிப்பு, கடனெல்லாம் கழித்து மிஞ்சும் நிகரச் சொத்து. எது அதிகமோ அதன்மேல் வரி. குடும்பங்கள் எப்போதும் முகமதிப்பைப் பிடித்துக்கொள்வார்கள்: 25,000 பங்கு, 25,000 வெள்ளி, வரி 75 வெள்ளி. அப்பா கையெழுத்துப் போட்ட சமயத்துக் கணக்குப்படி நிகரச் சொத்து பங்குக்கு 9 வெள்ளி. 25,000 பங்குக்கு 2,25,000. வரி 675 வெள்ளி. மறுமதிப்பீட்டுக்குப் பிறகு பங்குக்கு 24 வெள்ளி ஆகிவிட்டது. அதே பங்குக்கு 6,00,000, வரி 1,800. அன்றைய சட்டப்படி கெடு தாண்டி ஆறு மாதத்துக்கும் மேலானால் அபராதம் வரியில் 20 விழுக்காடு அல்லது 100 வெள்ளி, எது அதிகமோ அது. பழைய தேதியென்றால் அபராதம் 135, மொத்தம் 810. எந்தக் கணக்கில் பார்த்தாலும் ஒரு லாரியின் நான்கு டயர் விலைக்குக்கூட வராது. 2025 ஜனவரி முதல் அபராதத்தை இன்னும் கடுமையாக்கிவிட்டார்கள்: முதல் மூன்று மாதத்துக்கே 10 விழுக்காடு அல்லது 50 வெள்ளி, அதற்குமேல் 20 விழுக்காடு அல்லது 100 வெள்ளி.

ஆனால் கம்பெனி யாருடையது என்பது அந்தத் தேதியில் தொங்கியது. மாற்றம் செல்லுமென்றால் தம்பியிடம் 55,000 பங்கு, கம்பெனி அவருடையது. செல்லாதென்றால் அப்பாவின் 40,000 முழுவதும் மரபுரிமைக்குப் போய் அம்மாவுக்கும், அண்ணனுக்கும், தம்பிக்கும், காஜாங்கில் கட்டிக்கொடுத்த அக்காவுக்கும் பிரியும். உயில் எதுவும் இல்லை. 1958 பகிர்வுச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமமாக. அப்போது யாருக்குமே பெரும்பான்மை இல்லை.

ஆசிரியரிடம் போய்க் கேட்டார்கள். அவருக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது, பள்ளியில் விளையாட்டுப் போட்டி நடந்த வாரம் என்று. அந்தத் தேதியைச் சத்தியப் பிரமாணத்தில் சொன்னார். பாரம் மதிப்பீட்டுக்குப் போனது, வரியும் அபராதமும் கட்டியாயிற்று, முத்திரைச் சான்றும் வந்தது. தம்பி அதை என் மேசையில் வைத்தபோது முகத்தில் எல்லாம் முடிந்துவிட்ட நிம்மதி. நான் இயக்குநர் குழுவுக்கு அனுப்பினேன். குழுவில் அண்ணன் இருந்தார். அவர் மறுத்தார். தம்பி பதிவேட்டைத் திருத்தக் கேட்டு உயர் நீதிமன்றம் போனார்.

முத்திரை வரிக்கு நீதிமன்றத்தில் இரண்டு முகம் உண்டு என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த வழக்கில். ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது: வரி கட்டாத பத்திரத்தை நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது, முத்திரைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. இது ஆளைக் கொல்கிற வியாதி அல்ல. வரியையும் அபராதத்தையும் கட்டினால் கதவு திறக்கும். அண்ணன் தரப்பு வழக்கறிஞர் முதலில் இதைத்தான் பிடித்துக்கொண்டார், 'அப்பா இறந்த பிறகு கட்டிய வரி'. நீதிபதி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வரி எப்போது கட்டியது என்பது அரசாங்கத்துக்கும் தம்பிக்கும் உள்ள கணக்கு. அபராதம் வாங்கிக்கொண்டு அரசாங்கம் திருப்தியாகிவிட்டது.

இரண்டாவது முகம்தான் சிக்கல். வரி கட்டிய பத்திரம் இருந்தால் மட்டும் மாற்றம் நடந்துவிட்டதாகுமா? தம்பி காசு கொடுத்து வாங்கவில்லை. அப்பா தானமாகக் கொடுத்தது. தானத்தைக் கொடுப்பவர் முழுமையாகக் கொடுத்து முடித்திருக்க வேண்டும். அரைகுறைத் தானத்தை நீதிமன்றம் பூர்த்தி செய்யாது.

தம்பியின் வழக்கறிஞர் இதற்கு ஒரு இங்கிலாந்து வழக்கைக் கொண்டுவந்தார். அன்று மாலை அதை வாங்கி வந்து இரவு முழுக்கப் படித்தேன். ரோஸ் என்பவர், லூஸ்டன் எஸ்டேட்ஸ் என்ற கம்பெனியில் தனக்கிருந்த பங்குகளில் 10,000ஐ மனைவிக்கும் இன்னொரு 10,000ஐ அறக்கட்டளைப் பொறுப்பாளர்களுக்கும் எழுதிக்கொடுத்தார். கையெழுத்துப் போட்டது 1943 மார்ச் 30. கம்பெனி பதிவேட்டில் ஏறியது ஜூன் 30. அவர் 1947 பிப்ரவரியில் இறந்தார். அங்கே இறப்பு வரி என்று ஒன்று இருந்தது. அந்தக் கணக்குப்படி 1943 ஏப்ரல் 10க்கு முன்னால் தானம் நடந்திருந்தால் வரி இல்லை, பின்னால் என்றால் உண்டு. மார்ச் கடைசியா, ஜூன் கடைசியா? மேல்முறையீட்டு நீதிமன்றம் 1952ல் மார்ச் என்றது. கொடுப்பவர் தன்னால் செய்ய முடிந்ததையெல்லாம் செய்துவிட்டார், கையெழுத்துப் போட்டார், சான்றிதழையும் ஒப்படைத்தார். மிச்சமிருந்தது கம்பெனியின் வேலை. அதனால் தானம் அன்றே முடிந்தது.

தம்பிக்கு அந்தத் தீர்ப்பு அமுதம். ஆனால் அண்ணனின் வழக்கறிஞர் ஒரே கேள்வி கேட்டார். சான்றிதழ் எங்கே இருந்தது?

அலமாரியில். சாவி அம்மாவிடம்.

நான் சாட்சிக்கூண்டில் நின்றபோதும் அதையேதான் கேட்டார்கள். சான்றிதழ் எண், வெளியிட்ட தேதி, யார் கையெழுத்திட்டு வாங்கினார், என் அலுவலகத்துக்கு எப்போதாவது திரும்பி வந்ததா? வரவில்லை. பதிவேட்டில் இருப்பதைத்தான் நான் சொல்ல முடியும். சின்ன வயதிலிருந்து என்னை அண்ணே என்று கூப்பிட்டவரின் வழக்கைக் கெடுக்கிற ஒரு பதிலை, நடைவழியில் அவர் அம்மா உட்கார்ந்திருக்கும்போது சொல்வது சுகமான வேலை இல்லை. ஆனால் செக்ரட்டரி யாருக்கும் சொந்தக்காரர் இல்லை. அப்படி ஆகிவிட்டால் அந்தப் பதிவேட்டை யாரும் நம்ப மாட்டார்கள்.

தீர்ப்பு வரவில்லை. மூன்றாம் நாள் மதிய உணவுக்குப் போன இடைவெளியில் அக்கா பேசி முடித்துவைத்தார். தம்பிக்குப் பெரும்பான்மை, அண்ணனுக்கு ஒரு பட்டறை நிலம். நிலம் கம்பெனி பேரிலிருந்து அண்ணன் பேருக்கு மாறியபோது அவர் கட்டிய முத்திரை வரி அந்த 810 வெள்ளியைப்போல் பல மடங்கு இருந்தது. அந்தக் கணக்கைப் பார்த்தபோது அவர் கேட்டார்: "பங்காவே வாங்கியிருந்தா இவ்ளோ வராதே?" வந்திருக்காது.

இந்த வித்தியாசம்தான் நம் பக்கத்து நிலங்களின் வரலாற்றையே எழுதியது என்று நான் நினைக்கிறேன். 24 லட்சம் வெள்ளி மதிப்புள்ள நிலத்தை நேரே மாற்றினால் இன்றைய விகிதப்படி முதல் லட்சத்துக்கு 1 விழுக்காடு, 5 லட்சம்வரை 2, பத்து லட்சம்வரை 3, மேலே 4 என்று ஏறி 80,000 வெள்ளி வரி வரும். அதே நிலத்தை மட்டும் சொத்தாக வைத்திருக்கும் கம்பெனியின் பங்கு அத்தனையையும் மாற்றினால் 7,200 வெள்ளி. விவரம் தெரிந்தவர்கள் நிலத்தை விற்பதில்லை. நிலத்தின் முதலாளியை விற்கிறார்கள். அரசாங்கத்துக்கும் இது தெரியும். அதனால்தான் நிலம் வைத்திருக்கும் கம்பெனியின் பங்கைத் தனிநபர் விற்றால் நில ஆதாய வரி தனியாகப் பிடிக்கும். 2024 மார்ச் 1 முதல் பட்டியலில் இல்லாத பங்கை விற்பது ஒரு கம்பெனியென்றால் அதற்கு மூலதன ஆதாய வரி வந்துவிட்டது.

என் அப்பா வேலை பார்த்த தோட்டம் போன்றவை இப்படித்தான் கைமாறின. பத்து காஜா பக்கத்தில் கோட்டை கட்டிப் பாதியில் விட்டுப்போன கெல்லி ஸ்மித் ஆரம்பித்த கிந்தா கெல்லாஸ் முதல், லண்டனில் பதிவான பெரிய கம்பெனிகள்வரை, தோட்டத்தின் விதி ஈப்போ நில அலுவலகத்தில் எழுதப்படவில்லை. பங்குதாரர் பதிவேட்டில் எழுதப்பட்டது. 1981 செப்டம்பர் 7ஆம் தேதி காலையில் லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்துக்குள் மலேசிய அரசாங்கத்தின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் பெர்ஹாட், கத்ரி தோட்டக் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கைத் திரட்டியது. ஏறக்குறைய 2 லட்சம் ஏக்கர் தோட்டத்தின் எஜமான் மாறினார். லயத்தில் இருந்தவர்கள் அன்றும் விடியலில் பால் எடுக்கப் போனார்கள், மறுநாளும் போனார்கள். துரை மாறவில்லை, கிராணி மாறவில்லை, நிலப் பட்டாவில் பெயர்கூட மாறவில்லை. அப்போது இங்கிலாந்தில் பங்கு மாற்றத்துக்கு முத்திரை வரி 2 விழுக்காடு. இன்று அரை விழுக்காடு.

அதற்கு 20, 25 வருஷத்துக்கு முன்னால் நடந்த துண்டாடல் வேறு மாதிரி. அங்கே நிலத்தையே கூறுபோட்டு விற்றார்கள். கூறு வாங்கியவர்களுக்கு லயமும் வேண்டாம், ஆளும் வேண்டாம். தோட்டத் தொழிலாளர்கள் மூட்டையோடு தெருவுக்கு வந்தார்கள். அதைப் பார்த்துத்தான் நம் பேராக்கின் சுங்கை சிப்புட்டுக்காரர் துன் வீ.தி. சம்பந்தன் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். பால் மரத்தடியிலிருந்து சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தொழிலாளர்களே தோட்டத்தின் பங்குதாரர்கள் ஆனார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அவர்கள் முதலில் வாங்கியது.

அந்தச் சங்கம் வரி வழக்கு ஒன்றில் விட்டுச்சென்ற தடம் நிறையப் பேருக்குத் தெரியாது. சங்கத்துக்கும் உள்நாட்டு வருமான வரித் தலைமை இயக்குநருக்கும் நடந்த வழக்கு. முத்திரை வரி அல்ல, வருமான வரி. 1993ல் அன்றைய நம் உச்ச நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் நின்றது. வரிச் சட்டத்தைச் சொல்லில் உள்ளபடி கறாராகப் படிக்கவேண்டும், சந்தேகம் இருந்தால் அதன் பலன் வரி கட்டுகிறவனுக்கு என்பது அதன் சாரம். அதற்குப் பிறகு மலேசியாவில் வரி வழக்கு எதுவானாலும், முத்திரை வரி மேல்முறையீடு உட்பட, கோடீஸ்வரக் கம்பெனிகளின் வழக்கறிஞர்கள் முதலில் எடுத்து நீட்டும் பெயர்களில் ஒன்று பால்மரத் தொழிலாளர்களின் சங்கம். எனக்கு இதில் கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் பெருமையும்.

சரி, வரி கேட்ட தொகையே தவறு என்று தோன்றினால்? மதிப்பீட்டு நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம். அதற்கு வரும் முடிவும் ஒப்பவில்லையென்றால் 21 நாளுக்குள் உயர் நீதிமன்றம். நான் பழகிய நடைமுறை இதுதான். என் கட்சிக்காரர்களில் ஆட்சேபம் எழுதியவர்கள் உண்டு. கோர்ட்வரை போனவர் எவரும் இல்லை. சில நூறு வெள்ளி வித்தியாசத்துக்கு எந்த வழக்கறிஞர் வருவார்? முத்திரை வரிப் பெருவழக்குகள் எல்லாம் பெரிய குழுமங்களின் வழக்குகளாக இருப்பதன் காரணம் இதுதான். ஒரு குழுமத்தின் தாய்க் கம்பெனிக்கும் கிளைக்கும் நடுவே சொத்து மாறினால் 15ஏ பிரிவில் சலுகை உண்டு. அதற்கு 90 விழுக்காடு பங்கு உறவு வேண்டும். அது 90ஆ, 89ஆ என்று சண்டை பிடிக்க லட்சக்கணக்கில் பணம் இருக்கவேண்டும்.

பங்கு முத்திரை வரியில் பாடப்புத்தகமாகிவிட்ட ஒரு வழக்கு உண்டு: ஓட்ரெட் அம்மையாரும் மகன் பீட்டரும். இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் ரொட்டிக் கம்பெனி, வில்லியம் ஜாக்சன் அண்ட் சன். குடும்ப அறக்கட்டளையில் 2,00,000 பங்கு. அதன் வருமானம் அம்மாவின் ஆயுள்வரை அம்மாவுக்கு, பிறகு பங்கு மகனுக்கு. அம்மாவிடம் சொந்தமாக 72,700 பங்கு. 1956ல் வாய்ப்பேச்சாக ஒப்பந்தம்: மகன் தன் பின்னுரிமையை அம்மாவுக்கு விட்டுக்கொடுப்பார், அம்மா தன் சொந்தப் பங்கை மகனுக்குத் தருவார். பேச்சுக்கு வரி இல்லையே! பிறகு பொறுப்பாளர்கள் பெயரளவுக்குப் பத்து ஷில்லிங் போட்டு ஒரு பத்திரம் எழுதினார்கள். வரித்துறை £663 10 ஷில்லிங் கேட்டது. முதல் நீதிபதி குடும்பத்தின் பக்கம், அடுத்த நீதிமன்றம் வரித்துறையின் பக்கம், கடைசியில் 1959ல் பிரபுக்கள் சபை 3க்கு 2 என்று வரித்துறையின் பக்கம். வாயால் பேசியது நடந்திருக்கலாம், ஆனால் அதை நிறைவேற்றிய பத்திரம் விற்பனைப் பத்திரம்தான் என்றது பெரும்பான்மை. தீபாவளியன்று சொல்லி முடிக்கும் நம் பெரியவர்களுக்கும் ஹல் ரொட்டிக் குடும்பத்துக்கும் எண்ணம் ஒன்றுதான். அவர்களிடம் நல்ல வழக்கறிஞர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சிறுபான்மை நீதிபதிகள் இரண்டு பேர் சொன்னதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனால் 32ஏ பாரத்தோடு வருகிறவரிடம் சிறுபான்மைத் தீர்ப்பைச் சொல்லி என்ன பயன்?

இப்போதெல்லாம் அப்பா பிள்ளைக்குப் பங்கு கொடுக்க வந்தால் ஒரு புதிய மனக்குறையோடு வருகிறார்கள். நிலத்தைப் பிள்ளைக்கு அன்பளிப்பாக எழுதினால் 2023 ஏப்ரலிலிருந்து முதல் பத்து லட்சத்துக்கு முத்திரை வரியே இல்லை. அதற்கு மேல் பாதி தள்ளுபடி. கணவன் மனைவிக்குள் என்றால் முழு விலக்கு. பங்குக்கு அப்படி எதுவும் கிடையாது. அன்பளிப்பாகக் கொடுத்தாலும் 16ஆவது பிரிவு அதை விற்பனை மாதிரியே பார்த்து முழு மதிப்புக்கு வரி போடும். "நெலத்துக்கு மட்டும் பாசமா?" என்று ஒரு கல்லுடைப்புக்காரர் கேட்டார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மூன்று வெள்ளி விகிதமே பாசம்தான் என்று சொல்லியிருக்கலாம், பிறகுதான் தோன்றியது.

வேலையும் மாறிவிட்டது. முன்பு பாரத்தோடு ஈப்போ போய் வரிசையில் நின்று சிவப்பு மையில் எண் அடித்து வாங்கி வருவோம். இப்போது கணினியில் ஏற்றினால் சான்று கணினியிலேயே வருகிறது. 2026 ஜனவரி 1 முதல் சுய மதிப்பீடு படிப்படியாக வருகிறது: வரி எவ்வளவு என்று கணக்குப் போடும் பொறுப்பு அதிகாரியிடமிருந்து கட்டுகிறவரிடம் நகர்கிறது. சிலருக்கு இது வசதி. கணக்காய்வு முடியாத கம்பெனிக்கு நிகரச் சொத்தை யார் முடிவு செய்வது என்பதுதான் என் கவலை.

அந்தத் தம்பி போன மாதம் கூப்பிட்டார். அக்காவின் பங்கில் கொஞ்சம் வாங்கப் போகிறாராம். பாரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அவர் கையெழுத்து, அக்காவின் கையெழுத்து, சாட்சி, எல்லாமே இருந்தன. தேதியும் பெரிதாக, கொட்டை எழுத்தில்.

"அண்ணே, எந்த வருஷக் கணக்கை வச்சுப் போடுவீங்க?"

"ஆடிட் பண்ண கடைசிக் கணக்கைத்தான் தம்பி. 2024ஓடதை அனுப்புங்க. அக்காகிட்ட இருக்கிற சான்றிதழையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்க."

சான்றிதழ் மறுநாளே கூரியரில் வந்துவிட்டது. கணக்குக்காக இன்னும் காத்திருக்கிறேன்.